லெப்ட் என்றால் மிச்சம்

நாவற்குடாவில் இருந்த அந்த ஆரம்பப் பாடசாலையில் காலை மணி அடித்த பிறகு தமிழ் கேட்பது அரிது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு முதலாம் தரத்திலிருந்தே கணக்கையும் சுற்றாடலையும் ஆங்கிலத்தில் படிப்பிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட சில பெற்றோர் சேர்ந்து தொடங்கிய பாடசாலை அது. தமிழுக்கு நாளுக்கு ஒரு பாடவேளை; மற்றதெல்லாம் ஆங்கிலம். தண்ணீரில் இறக்கிவிட்டால் பிள்ளை தானாக நீந்திக்கொள்ளும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பெரும்பாலான பிள்ளைகள் நீந்தவும் செய்தார்கள். நீந்தாதவர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் சுலோஜனாவை வேலைக்கு எடுத்தார்கள்.

அவள் வவுணதீவுக்காரி. தகப்பனுக்கு அங்கே வயல் வட்டையில் மூன்று ஏக்கர் நிலம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்து, வாசிப்பில் தடக்குப்படும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்று தனியாகவும் ஒரு வருடம் பயின்றவள். தினமும் காலையில் வலையிறவுப் பாலத்தால் ஸ்கூட்டியில் வாவியைக் கடந்து வருவாள். முன்பு பந்தும் கயிறும் போட்டு வைத்திருந்த சிறிய அறை ஒன்றைத் துப்புரவாக்கி அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். ‘கற்றல் துணை அறை’ என்று அதிபர் கதவில் எழுதி ஒட்டினார். பிள்ளைகள் ஒரு மாதத்துக்குள் அதற்கு ‘ஸ்லோ ரூம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே கூப்பிடப்பட்ட பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாக நடந்து வரும்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அதிபர் பீற்றிஸ் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மேசையில் ஏழு கடித உறைகள் இருந்தன. கொழும்பிலிருந்து விலைக்கு வாங்கிய ஆங்கில வினாத்தாள் ஒன்றால் மூன்றாம் தரப் பிள்ளைகளைச் சோதித்திருந்தார்கள். வாசிப்பும் கணக்கும் சேர்ந்த சோதனை. முப்பத்தொரு பேரில் ஏழு பேர் நாற்பது புள்ளிக்குக் கீழே.

“இந்த ஏழு பேரும் உங்கட அறைக்கு வாறவங்கதான்,” என்றார் பீற்றிஸ். “அடுத்த வருஷம் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல சேக்கிறதப் பத்தி யோசிக்கச் செல்லி தாய்தகப்பனுக்கு எழுதியிருக்கன். நான் இதச் சந்தோசத்தோட செய்யல்ல சுலோஜனா. ஒரு மொழியிலேயே தடுமாறுற புள்ளைட தலையில இன்னொண்டையும் ஏத்துறது பாவமில்லையா?”

அதிபர் கெட்டவர் அல்ல. பிள்ளை ஒன்று விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குகிற முதல் ஆள் அவர்தான். அதனாலேயே அந்தக் கேள்விக்கு எதிர்க்கேள்வி கேட்பது சுலோஜனாவுக்குச் சிரமமாக இருந்தது.

“அவங்கட விடைத்தாள ஒருக்காப் பாக்கலாமா மெடம்?”

“பாருங்க. திங்கக்கிழமை கடிதம் போக வேணும்.”

அன்று பாடசாலை விட்ட பிறகு அவள் அறையிலேயே இருந்து ஏழு தாள்களையும் மேசையில் பரப்பினாள். பிழைகள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருந்தன. ஒன்பதாவது கேள்வியில் மட்டும் அவளுடைய விரல் நின்றது. பன்னிரண்டு மீன், பூனை ஐந்தைத் தின்றுவிட்டது, எத்தனை மிச்சம் என்று கேட்டிருந்தார்கள். விடை ஏழு. ஏழு பேரில் நான்கு பேர் நான்கு என்று எழுதியிருந்தார்கள். நான்கு பேரும் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறவர்கள் அல்ல. பார்த்து எழுதியிருக்க முடியாது. கூட்டினால் பதினேழு வரும். பிழையாகக் கழித்தாலும் எட்டோ ஆறோ வரும். நான்கு எப்படி வரும்?

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கேள்விக்கு மேலே படம் ஒன்று இருந்தது. மேசை முழுக்க மீன் சிதறிக் கிடக்க, நடுவில் பூனை உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை அந்த நால்வரில் ஒருத்தியான ரிப்காவைக் கூப்பிட்டாள். ரிப்கா வாய் ஓயாத பிள்ளை. வகுப்பில் ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னால்தான் வாய் மூடும்.

“இந்தக் கணக்க நீ எப்படிச் செஞ்ச? எனக்கும் செல்லித் தாவன்.”

ரிப்கா படத்தில் விரலை வைத்தாள். “இது லேசு மிஸ். லெப்ட்ல எத்தின மீன் எண்டு கேக்கிறாங்க. சோத்துக்கைப் பக்கம் ரைட்டு, மற்றக் கைப் பக்கம் லெப்டு. பூனைக்கு லெப்ட்ல ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு.”

சுலோஜனா பூனைக்கு இடது பக்கத்து மீன்களை எண்ணினாள். நான்குதான். உடற்பயிற்சி மைதானத்தில் ஒவ்வொரு நாளும் ‘லெப்ட், ரைட்’ என்று கால் மாற்றும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லுக்கு மிச்சம் என்று இன்னோர் அர்த்தமும் இருப்பதாக இந்தப் பாடசாலையில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

“சரியா மிஸ்?” என்று ரிப்கா கேட்டாள்.

“நீ விளங்கிக்கொண்ட கேள்விக்குச் சரி,” என்றாள் சுலோஜனா.

அன்றைக்கே அந்தத் தாளிலிருந்து பத்துக் கணக்கைத் தமிழில் எழுதி, ஏழு பேரையும் ஒவ்வொருவராகச் செய்ய வைத்தாள். ரிப்காவோடு சேர்த்து ஐந்து பேர் பத்துக்கு எட்டும் ஒன்பதும் எடுத்தார்கள். டிலுக்ஷன் என்ற பிள்ளை தமிழிலும் நான்குக்கு மேலே போகவில்லை. அவனுக்கு எண்ணே சிக்கல். கடைசியாக வந்தவள் டினோஷா. அவள் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்; பென்சில் அசையவில்லை. சுலோஜனா தாளை எடுத்து வைத்துவிட்டு வாயால் கேட்டாள்.

“பன்னிரண்டு மீன். பூனை அஞ்சத் திண்டுட்டு. மிச்சம்?”

“ஏழு.” கேள்வி முடியும் முன்னரே பதில் வந்தது.

“ஒரு தட்டில ஆறு பழம். நாலு தட்டில?”

“இருபத்துநாலு. எங்கட அப்பாட பாண் ஓட்டோவில ஒரு தட்டுக்கு இருபத்துநாலு பணிஸ் மிஸ். அஞ்சு தட்டெண்டா நூற்றிருபது.”

பத்தும் சரி. ஆனால் பன்னிரண்டு என்ற சொல்லைத் தாளில் காட்டி வாசிக்கச் சொன்னபோது ‘ப’வுக்குப் பிறகு அவளால் நகர முடியவில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான். எழுத்துகள் அவளுக்கு எந்த மொழியிலும் பிடி கொடுக்கவில்லை. மூன்று வருடமாக அவள் தெரிந்த சொல் ஒன்றிரண்டைப் பிடித்துக்கொண்டு, மீதியை ஊகித்துக் காலம் தள்ளியிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை சுலோஜனா எல்லாவற்றையும் பீற்றிஸிடம் கொண்டுபோனாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ரிப்காவின் பூனைக் கதையைக் கேட்டபோது சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டார்.

“ஏழு பேருக்கு மட்டும் தமிழ்ல செஞ்சா நான் எத எதோட ஒப்பிடுறது? தமிழ்ல குடுத்தா மற்றவங்க எல்லாரும் பத்துக்குப் பத்து எடுப்பாங்க எண்டு ஆராவது செல்லுவாங்க. மறுகா அதுக்கு என்ன பதில் வெச்சிரிக்கிறீங்க?”

நியாயமான கேள்வி.

“அப்ப முப்பத்தொரு பேருக்கும் செய்றன் மெடம். எனக்கு ஒரு கிழமை தாங்க.”

பீற்றிஸ் ஏழு உறைகளையும் எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். “ஒரு கிழமை. சனிக்கிழமை நிர்வாகக் குழு கூடுது. அவங்களுக்கு நீங்களே செல்லுங்க.”

அந்த ஒரு வாரத்துக்குள் கதை எப்படியோ வெளியே போய்விட்டது. புதன்கிழமை, தெருத்தெருவாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்கும் ஓட்டோ ஒன்று பாட்டை நிறுத்திவிட்டுப் பாடசாலை வாசலில் வந்து நின்றது. டினோஷாவின் தகப்பன் ஜூலியன் இறங்கி வந்தார். கையில் மாவு ஒட்டியிருந்தது. சுலோஜனா கதிரையைக் காட்டியும் அவர் இருக்கவில்லை.

“மிஸ், மகள இஞ்ச வெச்சிரிக்க ஏலாதெண்டா மாத்துங்க. நான் சண்டை பிடிக்க வரல்ல. ஆனா அவளுக்கு மூளை குறைவெண்டு மட்டும் எழுத வேணாம். விடிய வெள்ளண வெதுப்பகத்தில தட்டு ஏத்துறபோது அவதான் கணக்குச் செல்லுறவ. நான் பிழை விட்டாலும் அவ விடமாட்டா.”

“தெரியும் ஜூலியன் அண்ணன்,” என்றாள் சுலோஜனா. “உங்கட மகள் கணக்கில பத்துக்குப் பத்து எடுத்தவ.”

ஜூலியன் அவளை நம்பாமல் பார்த்தார். ஆறுதலுக்காகச் சொல்லுகிறாள் என்று நினைத்திருப்பார். டினோஷா வாயால் சொன்ன விடைகளைத் தான் குறித்துச் சரி போட்ட தாளை அவள் எடுத்துக் காட்டினாள். அவர் பத்துச் சரி அடையாளங்களையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். பிறகு கதிரையில் இருந்தார்.

“எழுத்துத்தான் அவவுக்குப் பிரச்சினை. அது மூளைக் குறைவில்ல. அதுக்கு வேற மாதிரிப் படிப்பிக்க வேணும். எனக்கு உங்கட பழைய தட்டு ஒண்டு தருவீங்களா?”

“பாண் தட்டா?”

“ஓம். மணல் போட்டு எழுதிப் பழக்க.”

அவர் அடுத்த நாளே நான்கு தட்டுகளைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை முழு வகுப்பின் தாள்களையும் திருத்தி முடித்தபோது சுலோஜனா எதிர்பார்க்காத ஒன்றும் தெரிந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் தமிழில் வகுப்போடு வகுப்பாக நின்றார்கள். ரிப்கா மேலிருந்து நான்காவது. அது அவள் எதிர்பார்த்ததுதான். ஆனால் ஆங்கிலத்தில் எண்பதுக்கு மேலே எடுத்த மூன்று பேர் தமிழில் பாதிக்குக் கீழே விழுந்திருந்தார்கள். ரியூசனில் அதே மாதிரித் தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து பழகிய பிள்ளைகள் அவர்கள். கேள்வியின் உருவம் மாறியதும் கையைக் கட்டிக்கொண்டார்கள். அந்த மூவரில் ஒருத்தி றுமைஸா. நிர்வாகக் குழுவில் இருக்கும் டொக்டர் ஸாதியாவின் மகள்.

பீற்றிஸ் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தார். “இதையும் செல்லப் போறீங்களா?”

“பேர் செல்ல மாட்டன் மெடம். அது அந்தந்தத் தாய்தகப்பனுக்கு மட்டும்.”

சனிக்கிழமை காலை குழுவினர் ஆறு பேர் நூலகத்தில் கூடினார்கள். தலைவர் கோணாமலை ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர்; நிமிர்ந்த முதுகும் குறைந்த பேச்சும் உள்ளவர். சுலோஜனா தன் இரண்டு பட்டியலையும் விளக்கினாள். அவர்கள் கேட்டார்கள், ஆனால் அசையவில்லை. வங்கி முகாமையாளர் ஒருவர், தமிழில் கணக்குத் தெரிந்தால் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவதுதானே சரி என்றார். டொக்டர் ஸாதியா அவ்வளவு கடுமையாக இல்லை.

“அந்தப் பாண்காரர்ட மகளை ஒருநாளைக்குக் கூட்டி வாங்களேன். நாங்க நேரா ரெண்டு கேள்வி கேட்டுப் பாப்பம்.”

சுலோஜனாவுக்கு டினோஷா சுவரோரமாக நடந்து வருவது கண்ணுக்குள் வந்தது.

“இல்ல டொக்டர். பிள்ளைய இஞ்ச கொண்டுவந்து நிப்பாட்ட மாட்டன்.”

பீற்றிஸ் ஜன்னலைப் பார்த்தார். சுலோஜனா தன் கோப்பிலிருந்து ஆறு தாள்களை எடுத்து ஒவ்வொருவருக்கும் முன்னால் வைத்தாள்.

“இது மூன்றாம் தரக் கணக்கு. பத்தே பத்து. பத்து நிமிசம் போதும்.”

தாள் சிங்களத்தில் இருந்தது. வளாகத்தில் அவளோடு படித்த அநுராதபுரத்துத் தோழி ஒருத்தி முந்தின நாள்தான் மொழிபெயர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு குனிந்தார்கள். வங்கி முகாமையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டார். சிங்களத்தில் பேச அவர்கள் எல்லோருக்கும் ஓரளவு வரும். அலுவலகத்திலும் பஸ்ஸிலும் சமாளிப்பார்கள். எழுத்தாகப் பார்த்தபோது இலக்கங்கள் மட்டும்தான் பிடிபட்டன. டொக்டர் ஸாதியா கண்ணில் பட்ட இரண்டு இலக்கங்களை எடுத்துக் கூட்டினார், அடுத்ததிலும் கூட்டினார், மூன்றாவதில் பேனா நின்றது. பத்து நிமிடத்தில் ஐந்து பேருக்கும் சேர்த்தே ஒன்பது விடைதான் சரி.

கோணாமலை மட்டும் தனியாக எட்டு எடுத்திருந்தார்.

அவர் தாளை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். “நான் பொலன்னறுவையில பதினொரு வருஷம் வேலை செஞ்சனான். குளத்துக்கட்டில நிண்டு ஆக்களோட கதைச்சுக் கதைச்சுப் படிச்ச பாஷை இது. முதல் மூண்டு வருஷமும் எனக்குக் கீழ வேலை செஞ்ச ஆக்கள் என்ன ஒரு மொக்கன் எண்டுதான் நினைச்சிரிப்பாங்க.” அவர் சுற்றிப் பார்த்தார். “இந்தப் புள்ளைகளுக்கு இப்பதான் மூண்டாவது வருஷம்.”

அவர் சுலோஜனாவின் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், உங்களுக்கு எவ்வளவு காலம் வேணும்?”

“வருசக் கடைசி வரைக்கும் தாங்க சேர். வகுப்பில எல்லாப் பிள்ளைகளோடயும் வேலை செய்ய விடுங்க. என்ட அறைக்குள்ள மட்டும் வெச்சு இதைச் செய்ய ஏலா.”

“செய்யுங்க,” என்றார் கோணாமலை.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவள் நிற்க நேரமில்லாமல் ஓடினாள். கணக்குப் பாடத்தில் வகுப்பாசிரியைக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு கேள்வியை வாசித்ததும் அது என்ன கேட்கிறது என்று பிள்ளைகள் முதலில் தமிழில் சொல்ல வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் சொல்லிச் செய்ய வேண்டும். பின்சுவரில் ‘ஏமாத்துற சொல்’ என்று தலைப்பு எழுதி ஒரு பெரிய தாளை ஒட்டினாள். முதலாவதாக ரிப்கா எழுந்துபோய் ‘லெப்ட் என்றால் மிச்சம்’ என்று எழுதினாள். அதற்குக் கீழே டேபிள் வந்தது. சாப்பிடுகிற மேசையும் அதுதான், பெருக்கல் வாய்ப்பாடும் அதுதான். டைம்ஸ் வந்தது; நேரம் என்று நினைத்தால் அது பெருக்கல். புதிய ஏமாற்றுக்காரன் ஒன்றைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு அதைச் சுவரில் எழுதும் உரிமை. இரண்டு மாதத்தில் தாள் நிரம்பி இன்னொன்று ஒட்டவேண்டி வந்தது.

டினோஷாவோடு போராட்டம் வேறு விதமானது. ஒரு நாளைக்கு ஒரு ஒலிதான். பாண் தட்டில் வாவிக்கரை மணலைப் பரப்பி, எழுத்தை விரலால் எழுதிக்கொண்டே வாயால் சொல்ல வேண்டும். தமிழில் தொடங்கினார்கள், ஏனென்றால் தமிழில் ஓர் எழுத்து பெரும்பாலும் எழுதியபடியே ஒலிக்கும். கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகள்தான் அவளை அதிகம் அலைக்கழித்தன. ‘தோணி’யை ‘தேணி’ என்று வாசித்துவிட்டு, பிழை என்று தானே தெரிந்து, மணலை ஒரே அடியாகக் கலைத்துவிட்டு எழுந்து போன நாளும் உண்டு. சுலோஜனா பின்னால் போகவில்லை. அடுத்த நாள் அவளே வந்து தட்டை இழுத்துக்கொண்டாள். ஒக்டோபரில் தமிழ்ச் சொற்கள் பிடிபடத் தொடங்கின. பிறகு அதே வழியில், ஒலி ஒலியாக, ஆங்கிலத்துக்குப் போனார்கள்.

இதற்கிடையில் ஒரு நாள் டொக்டர் ஸாதியா அறை வாசலில் வந்து நின்றார். கையில், றுமைஸாவைப் பற்றிச் சுலோஜனா தனியாக அனுப்பிய குறிப்பு. அவர் நெடுநேரம் சுற்றி வளைக்கவில்லை.

“அண்டைக்கு நானும் ரெண்டு இலக்கத்தக் கண்டதும் கூட்டிட்டன். இவவும் அதத்தானே செய்றா?”

“ஓம் டொக்டர். ஆனா லேசா மாத்தலாம்.”

“அப்ப றுமைஸாவையும் இஞ்ச எடுங்க. ரியூசன நான் நிப்பாட்டுறன்.”

வகுப்பில் எப்போதும் முதல் மூன்றுக்குள் வருகிற றுமைஸா அந்த அறைக்குள் போனதைப் பிள்ளைகள் கண்ட பிறகு, ‘ஸ்லோ ரூம்’ என்ற பெயர் அவர்களுடைய வாயில் நிற்கவில்லை.

நவம்பர் நடுப்பகுதியில் மாரி பிடித்துக்கொண்டது. மழை தகரத்தில் கொட்டிய ஒரு காலை, மூன்றாம் தரத்தில் ஆங்கில வாசிப்புப் பாடம் நடந்தது. நண்டும் கொக்கும் பற்றிய ஒரு பக்கக் கதை. ஒவ்வொருவராக வாசித்து வந்தார்கள். டினோஷாவின் முறை வரும்போது அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவது வகுப்பாசிரியையின் வழக்கம், இரக்கத்தால் செய்வதுதான். அன்றும் அப்படியே கூப்பிட்டார். டினோஷா கையை உயர்த்தினாள்.

“மிஸ், என்ட முறை.”

ஆசிரியை சுலோஜனாவைப் பார்த்தார். சுலோஜனா பின்சுவரோடு ஒட்டி நின்றாள்.

டினோஷா எழுந்தாள். விரலை வரியின் கீழே வைத்தாள். முதல் சொல்லுக்கு நீண்ட நேரம் எடுத்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதை ஊகிக்கப் பார்த்து, நிறுத்தி, திரும்பி, ஒலி ஒலியாகக் கூட்டிச் சரியாகச் சொன்னாள். மழைச் சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தினாள். அந்தப் பந்தியில் ஆறு வரிதான். நான்கு நிமிடம் எடுத்தது. இரண்டு சொல் பிழை. முப்பது பிள்ளைகளும் புத்தகத்தில் விரல் வைத்து அவளோடு சேர்ந்து நகர்ந்தார்கள். அவள் கடைசிச் சொல்லை முடித்து, தலையை நிமிர்த்தி, “அடுத்த பந்தியும் வாசிக்கவா?” என்று கேட்டாள்.

“வாசி புள்ள,” என்றார் ஆசிரியை.

அவள் வாசித்தாள். அந்தப் பந்தியும் முடிந்தபோது முதலில் மேசையில் தட்டியவள் ரிப்கா. பிறகு வகுப்பு முழுவதும் தட்டியது. பக்கத்து வகுப்பிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சுலோஜனா வெளியே போய் ஓடையில் பாயும் மழைநீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அழுதாளா என்று அவளுக்கே தெரியாது, முகமெல்லாம் சாரல்.

வருடக் கடைசிச் சோதனையில் அந்த ஏழு பேரில் ஐந்து பேர் ஆங்கிலத்தில் எழுபதைத் தாண்டினார்கள். டினோஷா கேள்விகளைத் தானே வாசித்து அறுபத்திரண்டு எடுத்தாள். டிலுக்ஷன் முப்பத்தெட்டில் நின்றான். ஆனால் அவனுக்கு எண்ணில் எங்கே தடக்குகிறது என்று இப்போது தெரியும், அடுத்த வருடத்துக்கு வேலைத்திட்டமும் எழுதியாகிவிட்டது. ஏழு பேரும் இங்கேயே தொடரலாம் என்பதையும் சுலோஜனாவின் முறையையும் குழு ஒரே கூட்டத்தில் ஏற்றுக்கொண்டது. அந்தக் கூட்டத்துக்குப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். ஜூலியன் வெள்ளைச் சேட் போட்டு வந்து பின்வரிசையில் இருந்தார். மகளின் புள்ளிகளைக் கோணாமலை வாசித்தபோது எழுந்து நின்றுவிட்டார். எதற்காக எழுந்தோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பக்கத்தில் இருந்த டொக்டர் ஸாதியா கை தட்டத் தொடங்க, மண்டபம் தட்டியது. ஜூலியன் இரண்டு கையையும் கூப்பினார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு பீற்றிஸ் அவளை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். பூட்டியிருந்த லாச்சியைத் திறந்து, ஏழு உறைகளையும் எடுத்து, ஒவ்வொன்றாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

“அடுத்த வருஷத்துக்கு வெளியில தாள் வாங்கப் போறதில்ல. முதலாம் தரத்தில இருந்து அஞ்சாம் தரம் வரைக்கும் ரெண்டு மொழியிலயும் சோதனைத் தாள் வேணும். எழுதுவீங்களா?”

“எழுதுவன் மெடம். எல்லாப் பிள்ளைகளும் ரெண்டையும் செய்ய வேணும். முதலாவதா வாற பிள்ளையும்.”

“நானும் அதத்தான் நினைச்சன்,” என்றார் பீற்றிஸ். “இரிங்க. இப்பவே தொடங்குவம்.”

சுலோஜனா கதிரையை இழுத்துப் போட்டாள். வெளியே பிள்ளைகள் மழை விட்ட முற்றத்தில் கத்திக்கொண்டு ஓடினார்கள், பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும். அவள் வெறுந்தாள் ஒன்றை எடுத்து, முதலாம் தரம் என்று தலைப்பிட்டு, முதல் கேள்வியை எழுதினாள்.